கரண்டிக்கு ஒன்பது, வட்டத்துக்கு எட்டு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அமெரிக்க வரைபடம் ஒட்டியிருக்கிறது. என் மகள் பள்ளிக்கூடத்துக்காக வரைந்தது. 1888ஆம் வருஷம் இந்த நாட்டில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் எந்த மாநிலம் யார் பக்கம் போனது என்பதை நீலத்திலும் சிவப்பிலும் தீட்டியிருக்கிறாள். மோர் எடுக்க, தண்ணீர் எடுக்க என்று நாளுக்குப் பத்துத் தடவையாவது அது என் கண்ணில் படுகிறது. வீட்டுச் சாமானில் பாதி அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. அதை மட்டும் யாரும் தொடவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. சிவகாசிக்குப் பக்கத்து ஊர். பதினொரு வயதில் ஓட்டல் அடுப்படிக்குள் போனவன், நாற்பத்தெட்டு வயதிலும் அடுப்படியில்தான் நிற்கிறேன், நியூ ஜெர்ஸியின் பார்சிப்பனியில். ஓட்டல்காரர்கள் என்னைச் சரக்கு மாஸ்டர் என்பார்கள். சாம்பார், ரசம், குருமா, கூட்டு, பொரியல் எல்லாம் என் பொறுப்பு. பலசரக்குப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களை வாசித்து வாசித்துத்தான் எனக்குத் தமிழ் ஓரளவு கைவந்தது. எழுதவும் வருகிறது. பேச்சுதான் வராது. சாப்பிட்டவர்கள் யாராவது சாம்பாரைப் பாராட்டவேண்டும் என்று கிச்சன் வாசலுக்கு வந்தால் நான் குளிர் அறைக்குள் போய் நின்றுகொள்வேன். கொத்தமல்லிக் கட்டு எடுக்கப் போனதாகக் கூட வேலை செய்பவர்கள் சொல்லிவிடுவார்கள். வந்தவர்கள் கிளம்பும்வரை அந்தக் குளிரில் நிற்பது, எதிரே நின்று நன்றி சொல்வதைவிட எனக்குச் சுலபம்.

ஓட்டல் முதலாளி சென்னைக்காரர். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவருக்கு மூன்று இடத்தில் கடை. பார்சிப்பனி கிச்சனில் நாங்கள் ஏழு பேர். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் கிச்சனில் ஆறு பேர். டெக்ஸாஸில், டல்லாஸுக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கடையில் நாலு பேர். அந்தக் கடை திறந்தபோது நாலு மாதம் அங்கே போய் அடுப்பு பற்றவைத்துக் கொடுத்தவன் நான்தான். அதனால் அந்த நாலு பேருக்கும் என்மேல் ஒரு பிரியம் உண்டு.

முதலாளி எடுத்துக் கொடுத்த விசாவில்தான் நானும் மனைவியும் மகளும் இங்கே இருக்கிறோம். மகள் வந்தபோது ஒன்பது வயது. இப்போது பதினைந்து. நான் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல அவள் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பாதி இங்கிலீஷில் பதில் சொல்வாள். மனைவிக்கு அது பழகிவிட்டது. இங்கே வந்த முதல் வருஷம் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று டீச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். என் ரத்தம்தானே என்று நினைத்தேன். பிறகு அவளே முளைத்து எழுந்தாள். இப்போது வகுப்பில் முன்னால் நின்று பேசுகிறாள். விசா முடிந்து ஊருக்குப் போனால் எந்த வகுப்பில், எந்த பாஷையில் அவளை உட்கார வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிரீன் கார்டுக்கு முதலாளி பேப்பர் போட்டுவிட்டால் விசா நீளும், நாங்கள் தங்கலாம். என் வாழ்க்கையில் நான் வேறு எதையும் இவ்வளவு வேண்டி நின்றதில்லை.

போன அக்டோபரில் வகுப்பில் ஆளுக்கு ஒரு பழைய தேர்தலைப் பிரித்துக் கொடுத்தார்களாம். என் மகளுக்கு 1888 வந்தது. அப்போது பதவியில் இருந்த ஜனாதிபதி பிறந்த வீடு எங்கள் இடத்திலிருந்து இருபது நிமிஷ டிரைவில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். தோசை மாஸ்டரிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டு ஒரு மத்தியானம் போனோம். ரோட்டோரம் சாதாரணமான ஒரு வெள்ளை மரவீடு. வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். "அப்பா, இது கோயில் இல்ல, போட்டுக்கோங்க," என்று மகள் காதோரம் சொன்னாள். உள்ளே பழைய நாற்காலி, பழைய தொட்டில், சுவரில் படங்கள். வழிகாட்டும் அம்மாள் இங்கிலீஷில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

திரும்பும்போது காரில் மகள் சொன்னாள்.

"அப்பா, இவருக்குத்தான் அதிக வோட்ஸ். ஆனா இவர் லாஸ் பண்ணிட்டார்."

எப்படி என்று கேட்டேன். இந்த நாட்டில் ஜனங்கள் போடுகிற ஓட்டை மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பதில்லையாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று ஒரு எண்ணிக்கை. ஒரு மாநிலத்தில் யார் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் எண்ணிக்கை முழுவதும் அவருக்கே. இவருக்கு நாடு முழுக்க ஜனங்கள் அதிகமாகப் போட்டார்கள். ஆனால் இவர் கவர்னராக இருந்த நியூயார்க்கே கொஞ்ச வித்தியாசத்தில் எதிராளி பக்கம் சாய்ந்துவிட்டது. அது மட்டும் இவர் பக்கம் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்.

"எத்தன ஓட்டுங்கிறது முக்கியம் இல்லப்பா. எங்க விழுதுங்கிறதுதான். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். புரியவில்லை. ஒரு ஓட்டு எங்கே விழுந்தாலும் ஒன்றுதானே என்றுதான் எனக்கு அப்போது பட்டது. சொந்த இடமே கைவிட்டுவிட்டதே, அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வரைபடத்தை அவள் ஒட்டிய அன்று நான் மூன்று இடத்தைத்தான் தேடிப் பார்த்தேன். நியூ ஜெர்ஸி நீலம். டெக்ஸாஸ் நீலம். இரண்டும் தோற்றவர் பக்கம். கலிபோர்னியா சிவப்பு.

அடுத்த மாதம் முதலாளி பார்சிப்பனிக்கு வந்தார். இந்த வருஷம் ஒரே ஒருவருக்குத்தான் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ண முடியும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். விசா முடியப்போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் ஃப்ரீமான்டில் பரோட்டா மாஸ்டர், ராமநாதபுரத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னது இங்கேயே பிறந்தது. நான் இரண்டு மாதம் ஃப்ரீமான்டில் இருந்தபோது அவன் வீட்டில்தான் தங்கினேன். அவன் மனைவி எனக்கென்று தனியாகக் காரம் குறைத்துச் சமைத்துப் போட்டவள்.

"ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு மாதிரி. எந்தக் கண்ணை மூடறதுன்னு நான் எப்படிச் சொல்ல? உங்களுக்குள்ளயே ஓட்டுப் போட்டு டிசைட் பண்ணிக்கோங்க," என்றார் முதலாளி.

"கண்ணை மூடறது இருக்கட்டும், வாயை மூடிக்கினு ரெண்டு பேருக்கும் அப்ளை பண்ணலாம்ல," என்று தோசை மாஸ்டர் கல்லைத் தேய்த்தபடி முணுமுணுத்தார். அவர் வியாசர்பாடிக்காரர். என் பக்கம் நிற்பதை அவரே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி கெட்டவர் இல்லை. தன் வாயால் ஒருவரை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வியாதி எனக்கும் உண்டு என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டெக்ஸாஸிலிருந்து போன் வந்தது. நாங்கள் நாலே பேர், நீங்கள் ஏழு, அவர்கள் ஆறு, எங்கள் பேச்சு எங்கே எடுபடும் என்று கேட்டார்களாம். முதலாளி யோசித்துவிட்டு, இந்த நாட்டு முறைப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். கிச்சனுக்கு ஒரு ஓட்டு. அந்தக் கிச்சனில் யாருக்கு அதிகமோ அவருக்கு அந்தக் கிச்சன். இரண்டு கிச்சன் யார் பக்கமோ அவருக்குப் பேப்பர். நியாயம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். எங்கள் கிச்சனில் காய் வெட்டுகிற மெக்சிகோ அம்மாளுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. அவருக்காகச் சின்னம் வைத்தோம். எனக்குக் கரண்டி. அவனுக்குப் பரோட்டா, அதாவது ஒரு வட்டம். சீட்டில் கரண்டியோ வட்டமோ வரைந்து மடித்துப் போடவேண்டும்.

வீட்டில் சொன்னதும் மகள் துள்ளினாள். அது அப்படியே ஜனாதிபதித் தேர்தலின் எலக்டோரல் காலேஜ் முறை என்றாள். மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஏங்க, இந்த ஒரு தடவையாவது வாயத் தொறந்து கேளுங்க. பதினேழு பேர்தான்." கேட்கிறேன் என்றேன். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டேன் என்று வீட்டில் சொன்னேன்.

தோசை மாஸ்டர்தான் எனக்காகக் கணக்குப் போட்டார். எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் பரோட்டாக்காரன் பக்கம் என்பது தெரிந்த விஷயம். அவன் எடுத்துக்கொடுத்த வேலையில் இருக்கிறவர்கள். மீதி, தோசை மாஸ்டர், மெக்சிகோ அம்மாள், பிரியாணி போடுகிற பாய், நான். "நாலு நம்மளுது மாஸ்டர். ஏழுல நாலு. டெக்ஸாஸ் சுளையா நாலு. மேட்டர் ஓவர்," என்றார். நாலில் ஒன்றாக அவர் என்னையும் விரல் மடக்கி எண்ணியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பரோட்டா மாஸ்டர் போன் பண்ணினான்.

"அண்ணே, எல்லாருக்கும் பேசிட்டேன். நீங்க மட்டுந்தான் பாக்கி."

நான் சிரித்தேன்.

"உங்ககிட்ட கேக்காம விட்டா மரியாதையா இருக்காதுண்ணே. எனக்குப் போட்டுருங்க."

"போட்டுட்டாப் போச்சு," என்றேன்.

"அப்ப நான் உங்களுக்குப் போட்டுர்றேன். நமக்குள்ள என்னண்ணே இருக்கு."

அவன் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். அவன் என் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தான். அவ்வளவுதான் பேச்சு.

இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என் ஊரில் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஒருவர் நின்றார். அவர் பெட்டியில் ஒரே ஒரு ஓட்டு இருந்தது. அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அவர் பெயர் ஊரில் ஒத்த ஓட்டு என்று ஆகிவிட்டது. அவர் பிள்ளைகளை ஒத்த ஓட்டு மகன், ஒத்த ஓட்டு மகள் என்றார்கள். தனக்குத் தானே போட்டுக்கொள்வது என்றால் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும். தொழிலிலும் அப்படித்தான் பழக்கினார்கள். சமைத்தவன் கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும். எல்லாரும் எழுந்த பிறகு, மிச்சம் இருப்பதைத் தன் இலையில் தானே போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் தனக்கு எடுத்துவைத்தவனை மாஸ்டர் என்று ஒருவரும் மதிக்கமாட்டார்கள். முப்பத்தேழு வருஷம் அப்படி இருந்த கை. அதோடு, வாயால் ஒரு வார்த்தை சொல்லியாகிவிட்டது. என் ஓட்டு அவனுக்கு, அவன் ஓட்டு எனக்கு, கூட்டிக் கழித்தால் சமம். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் அது சரியாகத்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று கடைக்கும் விடுமுறை. அன்றைக்கு ஓட்டு வைத்தார்கள். யார் ஜெயித்தாலும் இனிப்பு இருக்கட்டும் என்று நான் காலையிலேயே போய் ஏழு பேருக்குச் சமைத்து, பால் பாயசமும் வைத்திருந்தேன். பில் எழுதும் சீட்டு ஆளுக்கு ஒன்று. கழுவிக் காயவைத்த தயிர் வாளிதான் பெட்டி. ஒவ்வொருவராகக் குளிர் அறைக்குள் போய் வரைந்து மடித்துக்கொண்டு வரவேண்டும். நான் வழக்கமாக ஒளிந்து நிற்கும் இடம். கீரைக் கட்டுப் பெட்டிமேல் சீட்டை வைத்து வட்டம் வரைந்தேன். நன்றாக உருண்டையாக வந்தது. நாலாக மடித்தேன். வாளியில் போட்டுவிட்டு வந்தபோது, ஒரு நல்ல காரியம் செய்தவன்போலவே இருந்தது.

முதலாளி லேப்டாப்பைக் காய் வெட்டும் மேஜைமேல் வைத்தார். திரையில் மற்ற இரண்டு கிச்சனும் தெரிந்தன. முதலில் டெக்ஸாஸ். நாலும் கரண்டி. ஒருவன் கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டுவதுபோல வரைந்திருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது ஃப்ரீமான்ட். நாலு வட்டம், இரண்டு கரண்டி. அதில் ஒன்றைக் காட்டி, "இது என்ன, கரண்டியா குச்சியா?" என்று முதலாளி கேட்டார். கரண்டிதான் என்று அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

எங்கள் வாளி கடைசி. கரண்டி, வட்டம், வட்டம், கரண்டி, வட்டம், கரண்டி. மூன்றுக்கு மூன்று. தோசை மாஸ்டர் என் தோளில் கை வைத்தார். முதலாளி ஏழாவது சீட்டை எடுத்தபோதே அதன் ஓரத்தில் மஞ்சள் விரல் தடம் தெரிந்தது. காலையில் சமைத்தவன் நான் ஒருவன்தான். அதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

வட்டம்.

என் தோள்மேல் இருந்த கை எடுபட்டது. முதலாளி கூட்டிப் பார்த்தார். மொத்தத்தில் கரண்டிக்கு ஒன்பது, வட்டத்துக்கு எட்டு. ஆனால் பேசியது கிச்சன் கணக்கு. இரண்டு கிச்சன் பரோட்டா மாஸ்டருக்கு. "மனசுல வெச்சுக்காதீங்க மாஸ்டர், அடுத்த வருஷம் பாப்போம்," என்றார். அடுத்த வருஷத்து முறை வருவதற்குள் என் விசா முடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தேன். கடைசி டம்ளர் எனக்கு. அடியில் கொஞ்சம் தீய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மேலும் மடித்தாள். மகள் ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். நியூ ஜெர்ஸியில் ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் போதும் அப்பா என்றாள். பிறகு என்னைத் தேற்றுவதற்காக, அந்த ஜனாதிபதி நாலு வருஷம் கழித்து மறுபடி நின்று ஜெயித்தார், அதே பதவிக்குத் திரும்பி வந்தார் என்றாள். வந்தாரா, நல்லது என்றேன். அவருக்கு விசா பிரச்சினை இல்லை என்று மனைவி மெதுவாகச் சொன்னாள்.

மறுநாளே கிச்சனில் விசாரணை தொடங்கிவிட்டது. நாலில் ஒன்று எங்கே போனது? மெக்சிகோ அம்மாள் தன் சீட்டை எல்லாரிடமும் காட்டிவிட்டுத்தான் போட்டார். தோசை மாஸ்டர் தன்னைத் தானே சந்தேகப்பட முடியாது. என்னை யாரும் நினைக்கவே இல்லை. மிஞ்சியது பாய். அவரும் ராமநாதபுரத்துக்காரர். ஊர்ப் பாசம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தோசை மாஸ்டர் அவரிடம் பேச்சை நிறுத்தினார். அவர் பிரியாணி தேக்சாவைத் தூக்கும்போது மறுபக்கம் கை கொடுக்க ஆள் வரவில்லை. "இன்னா பாய், உங்க ஊர்ல கரண்டியே கிடையாதா, எல்லாம் வட்டந்தானா?" என்று தோசை மாஸ்டர் சுவரைப் பார்த்துக் கேட்பார்.

பாய் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர், அவங்க என்ன வேணா சொல்லட்டும். நான் உங்களுக்குத்தான் போட்டேன். நீங்க நம்புறீங்கள்ல?"

"நம்புறேன் பாய்."

"அது போதும்."

அது போதாது என்று எனக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் தோசை மாஸ்டர் நின்றார். சத்தமாக ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்துவிடும். புளியைப் பிழிந்து சக்கையைப் போட்டுவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தேன். ஜனவரியில் பாய் வேறு கடைக்குப் போய்விட்டார். போகும்போது எல்லாருக்கும் கை கொடுத்தார். என் கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்தார். துரோகம் செய்யாதவர் என்று அவரை நம்புகிற ஒரே ஆள் நான் என்று நினைத்துக்கொண்டு போனார்.

அதற்கு முன்பே, ஓட்டு முடிந்து மூன்றாவது வாரம், பரோட்டா மாஸ்டர் போன் பண்ணினான். பேப்பர் போட்டுவிட்டார்கள். சந்தோஷமாகப் பேச அவனால் முடியவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் சொன்ன மாதிரியே உங்களுக்குத்தான் போட்டேன். கரண்டி வரையத் தெரியல, குச்சி மாதிரி வந்துருச்சு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்க கிச்சன்ல ஒத்த ஓட்டுல போச்சாம்ல. நீங்க..."

"நானும் போட்டேன் தம்பி. சொன்னேன்ல."

அவன் பக்கத்தில் குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. "வெளாட்டுக்குத்தானண்ணே கேட்டேன்," என்றான். குரல் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் வார்த்தை தவறாதவன்.

அன்று பில் சீட்டின் பின்பக்கத்தில் நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் அவரவருக்கே போட்டுக்கொண்டிருந்தால் பார்சிப்பனியில் எனக்கு நாலு, அவனுக்கு மூன்று. ஃப்ரீமான்டில் எனக்கு ஒன்று, அவனுக்கு ஐந்து. டெக்ஸாஸில் எனக்கு நாலு. மொத்தம் அப்போதும் எனக்கு ஒன்பது, அவனுக்கு எட்டு. ஒரு ஓட்டுகூடக் கூடவோ குறையவோ இல்லை. அவன் எனக்குத் தந்த ஓட்டு அவன் கிச்சனில் ஒன்றையும் மாற்றவில்லை, நாலுக்கு இரண்டு என்று அவனே ஜெயித்தான். நான் அவனுக்குத் தந்த ஓட்டு என் கிச்சனையே அவனிடம் கொடுத்துவிட்டது. காரில் மகள் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எத்தனை என்பது இல்லை, எங்கே விழுகிறது என்பது. அந்த வெள்ளை வீட்டில் பிறந்தவர் தோற்றதற்காவது ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பேர் காரணம். அவர் தன் பெட்டியில் எதிராளிக்குப் போட்டிருக்கமாட்டார்.

ஜூன் கடைசியில் டிக்கெட். மகளின் பள்ளி வருஷம் முடியட்டும் என்று அதுவரை இழுத்தோம். அடுத்த வருஷத்துக்கு என்ன பாடம் எடுக்கிறாய் என்று பள்ளியில் கேட்ட தாளை அவள் நிரப்பாமலே மேஜைமேல் வைத்திருக்கிறாள். ஊரில் என் மச்சினன் விசாரித்துவிட்டு, தமிழ் சரியாக எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை எப்படிச் சேர்ப்பது என்று பள்ளிக்கூடத்தில் யோசிப்பதாகச் சொன்னான். நான் அவளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தாள். பிறகு, "அப்பா, ப்ளீஸ், இப்ப வேணாம்," என்றாள்.

போன செவ்வாய் அவள் பள்ளியிலிருந்து வந்தபோது நான் சமையல் பாத்திரங்களைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகள் மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள், குடித்தாள், கதவை மூடிவிட்டு வரைபடத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"தோசை அங்கிள் சொன்னார், பாய் அங்கிள்தான் மாத்திப் போட்டுட்டாராம். இஸ் இட் ட்ரூ?"

"இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? சீக்ரெட் பேலட்தானே."

கையில் இருந்த தட்டைச் சுற்றி முடித்தேன். அவள் நகரவில்லை. பாய் என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. ஆறு மாதமாக வெளியே வராத வாக்கியம் அப்போது ஒரு கஷ்டமும் இல்லாமல் வந்தது.

"நான்தான் வட்டம் போட்டேன்."

அவள் திரும்பினாள். முதலில் புரியவில்லை. பிறகு அவள் கண் மேலே போய் ஏதோ கூட்டிக் கழித்துவிட்டுக் கீழே வந்தது. என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுகிறவள்.

"ஒய்?"

"பரோட்டா மாமா போன் பண்ணிக் கேட்டார்மா. சரின்னு சொல்லிட்டேன்."

"கேட்டார்னு போட்டீங்களா?"

"ஆமா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு தட்டை எடுத்துக் காகிதத்தில் வைத்து, நான் சுற்றுவதைப் போலவே மூலையை மடித்தாள்.

"நான் கேட்டிருந்தா, எனக்காக உங்களுக்கே போட்டிருப்பீங்களா?"

"போட்டிருப்பேன்."

அது உண்மை. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் கரண்டிதான் வரைந்திருப்பேன். என்னால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

அவள் அந்தத் தட்டைப் பெட்டியில் வைத்தாள்.

"கேக்கணும்னு எனக்குத் தெரியலப்பா," என்றாள், தப்பு அவளுடையது போல.